கேள்வி பதினெட்டு

கடந்த வாரம் கூலிக்கு
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?
கேட்பவள் நான், டார்லா.
படிவம் ஒன்றுக்குப் பதினொரு டாலர்.
நெப்ராஸ்காவின் காற்று கதவை மூடவிடவில்லை.

யூலாலியா விரல்களை மடக்கப் பார்க்கிறாள்.
மூன்று மடங்குகின்றன.
மற்ற இரண்டும் இறைச்சி ஆலையின் குளிருக்குப் பழகியவை.

வேலை தேடினீர்களா?
ஆலைக்குப் போன பேருந்தை
நகரசபை மார்ச்சில் நிறுத்திவிட்டது.
ஆறு மைல் நடந்தாளாம்.
கேட்டுக்கு வெளியே நின்றாளாம்,
ஷிஃப்ட் மணி அடிக்கும்வரை.

யாரிடமாவது கேட்டீர்களா?
இல்லை.
கையேட்டின்படி அது தேடல் ஆகாது.
நடைக்குக் கட்டம் கிடையாது.
வேலையற்றோர் கணக்கிலும்
அவள் வரமாட்டாள்.

வீட்டில் எத்தனை பேர்?
நான்கு.
உள்ளறையில் ஐந்தாவதாக ஓர் இருமல்.
நான்கு என்றே எழுதினேன்.

வசந்தத்தில் லிங்கன் நகரில் யாரோ
எல்லாத் தெருவையும் கூட்டி வகுத்து
பேருந்து நின்றதால்
குறிப்பிடும்படியான விளைவு இல்லை என்பார்.
பொய்யும் அல்ல அது.

படியிறங்கிவிட்டேன்.
பின்னாலிருந்து குரல்:
"இந்தக் கேள்வி கேட்கிற வேலைக்கு
ஆள் எடுக்கிறார்களா?"

காரின் மேல் படிவத்தை விரித்து,
காற்றில் பறக்காமல் முழங்கையால் அழுத்தி,
பதினெட்டை அடித்துவிட்டு எழுதினேன்:
ஆம். தேடினார்.