இடம்புரி

மோண்டியில் காலை ஒன்பதுக்கு மைனஸ் முப்பத்தொன்று.
ஆடியில் படிந்த உறைபனியைத் துடைத்துவிட்டு
சூரியனைத் தாளில் இறக்குகிறேன்:
சாப்பாட்டுத் தட்டளவு வெளிச்சம்.
பென்சிலால் புள்ளிகளை வரைவது
எனக்கு இது பதினேழாம் குளிர்காலம்.

நேற்று பெரிய புள்ளி
பக்கத்துப் புள்ளியைக் கால்வட்டம் சுற்றியிருந்தது.
இன்று அரைவட்டம்.
அடி திரும்பத் திரும்ப
மேலே நிற்கும் காந்தக் கோடுகள்
என்ன பாடு படும்!

ஞாயிறன்று நானும் சோக்தோவும்
கம்பளிப் போர்வை பிழிந்தோம்.
ஆளுக்கொரு முனை.
நீர் வடிந்து நின்ற பிறகும்
அவர் முறுக்குவதை நிறுத்தவில்லை,
பேச்சு கார்க் கடனுக்குப் போயிருந்தது.
நானும் விடவில்லை.
சட்டென்று போர்வை நடுவில் எழுந்தது,
ஒட்டகத் திமில் மாதிரி,
யாரும் தூக்காமல்.
பிரிக்காமல் அப்படியே கொடியில் எறிந்துவிட்டு
உள்ளே போனோம்.

சூரியனில் திமில் எழுந்தது
செவ்வாய் பிற்பகல் இரண்டே முக்காலுக்கு.
கோடுகள் அறுந்து வேறு கோடுகளோடு ஒட்டின.
அறுந்தாலும் முறுக்கு அழியாது;
அதை மடியில் கட்டிக்கொண்டு
ஒரு மேகம் எங்களை நோக்கிப் புறப்பட்டது.

வடபாதிப் புள்ளி.
இடம்புரியாக இருக்கலாம் என்று எழுதினேன்.
"இருக்கலாம் என்றால்
எந்த டிரான்ஸ்பார்மரை நான் அணைப்பது?"
இர்கூட்ஸ்க் மின்நிலையத்து லுக்யானோவ்
நியாயமாகத்தான் கேட்டார்.

வடக்கு நோக்கி வந்தால்
பூமியின் கதவு சாத்தியபடி இருக்கும்.
தெற்கு என்றால் திறந்துவிடும்.
எதுவென்று சொல்ல
பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி
ஒரு சின்னக் கலம் நிற்கிறது.
அது சொன்ன பிறகு
மிச்சம் ஒரு மணி நேரம்கூட இல்லை.

வியாழன் இரவு பதினொன்றுக்குச் சொன்னது: வடக்கு.
லுக்யானோவ் நன்றி சொல்லித் தூங்கப் போனார்.
நான் போகவில்லை.
புரியில் ஒரு பக்கம் மட்டும் ஏது?
மேகம் கடக்கக் கடக்க
அம்பு மெல்லச் சாய்ந்தது,
கிழக்கே கொஞ்சம்,
பிறகு இன்னும் கொஞ்சம்.

மூன்றரைக்குத் தெற்கு.
அவரை எழுப்பினேன்.
திட்டினார், பிறகு அணைத்தார்.

வெளியே வந்தால்
முன்கு-சார்திக் மலைக்கு மேல் சிவப்பு.
கொடியில் ஞாயிற்றுக்கிழமைப் போர்வை
முறுக்கோடு உறைந்து
கட்டைபோல் நின்றது.
சோக்தோ பூட்ஸ் கயிறு கட்டாமல் ஓடிவந்தார்,
வானத்தைப் பார்த்தார், அப்புறம் அதை.

"இப்போது பிரித்தால் ஒடியும்," என்றேன்.
ஆளுக்கொரு முனை பிடித்து
அடுப்பருகே கொண்டுபோனோம்.