யூரியா

கும்பகோணத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில்,
இரண்டாம் மாடி.
ஆறு கருக்கள் வளர்ந்திருக்கின்றன என்றார் டாக்டர் ஹபீபா.
ஆறும் நன்றாக இருக்கின்றன.
பிறகு என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"இது அப்பா வழியா?"
ஆமாம்.
"லேசானதுதான். உயிருக்கு ஒன்றுமில்லை.
ஆனால் பாதிக்குப் பாதி வரும்.
சென்னைக்கு அனுப்பினால் பார்த்துவிடலாம்.
திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்."

லேசானது.
பள்ளியில் என் பெயர் கெண்டை.
தை பிறந்தால் முழங்காலுக்குக் கீழே
சித்திரை வயலாக வெடிக்கும்.
பாயை உதறினால் உமி பறக்கும்.
ரேகை பார்க்க வந்தவன் என் உள்ளங்கையில் வழி தவறி
காசு வாங்காமல் எழுந்து போனான்.
ரேஷன் கடை மெஷினுக்கு நான் யாருமில்லை.
கட்டைவிரல், ஆள்காட்டி, மறுபடி கட்டைவிரல்,
பின்னால் வரிசை முணுமுணுக்கும்.
பாமாயில் வாங்காமல் திரும்பிய மாதங்கள் உண்டு.
லேசானது என்று
எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

அதே தராசில் இதையும் வைக்க வேண்டியிருக்கிறது:
எனக்குப் பதினொரு வயது.
டவுன் பஸ் டூட்டி முடிந்து, காக்கிச் சட்டையோடு,
அப்பா மருந்துக் கடையிலிருந்து ஒரு ட்யூப் கொண்டுவந்தார்.
எழுத்துக் கூட்டிப் படித்தேன். யூரியா.
"பயிருக்குப் போடுறதாப்பா?"
அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.
அன்று முழங்கைச் செதில் உதிர உதிரச் சிரித்தார்.
"போடு, போடு. ரெண்டு பேரும் விளைஞ்சிடுவோம்."

திரும்பும் பஸ்ஸில் இளம்பரிதி பேசவில்லை.
வாய்க்கால் தலைப்பில் ஷட்டர் திருகுகிற லஸ்கர் அவன்.
யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று
மேலேயிருந்து ஃபோன் வரும். திருகுவான்.
கடைமடைக்காரர்கள் வந்து திட்டுவது
இவனைத்தான்.
தாராசுரம் தாண்டியதும் சொன்னான்:
"பாத்துடலாமா?
உன்னப் பிடிக்காம இல்ல.
அந்த வரிசைல நீ நிக்கறத நான் பாத்திருக்கேன்."

இரவு என் குதிகாலுக்குக் கிரீம் தேய்த்தான்,
கம்பி திருகிக் காய்த்த கையால்.
கேட்டேன்,
அந்த ஆறில் ஒன்றாக நான் இருந்திருந்தால்?
நெடுநேரம் அதே இடத்தில் தேய்த்தான்.
"எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றான், "உன்ன."

பொய் சொல்லாதவனைக் கட்டிக்கொண்டது
என் தவறுதான்.

அப்பாவிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை,
ஏன் எனக்குக் கொடுத்தீங்க என்று.
அவர் கையில் யாரும் படிவம் நீட்டவில்லை.
என் கையில் இருக்கிறது, இரண்டு கட்டங்களோடு.
என்றோ ஒரு தை மாதம்
காலைச் சொறிந்தபடி ஒரு பிள்ளை கேட்கும்:
பாத்திருக்கலாம்ல?
அல்லது வழவழத்த காலோடு ஒரு பிள்ளை
என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு:
இது வேணாம்னுதான் என்ன எடுத்தியா?

எதுவும் கேட்காமலும் போகலாம்.
பிள்ளைகளுக்கு ஆயிரம் வேலை.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஃபோன் வந்து
அவன் டார்ச் எடுத்துக்கொண்டு ஷட்டருக்குப் போனான்.
தண்ணீர் திரும்பும் சத்தம் வீடுவரை கேட்காது.
ஒரு கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
விரலிலிருந்த கிரீம் காகிதத்தில் ஊறி
அந்த இடத்தில் மட்டும்
மை பிடிக்கவில்லை.