மணி இல்லாத மலை

வெள்ளைக்காரத் துரை ஒருவன்
தன் ஊர்க் குன்றின் பெயரை
இந்த மேட்டுக்கு வைத்தானாம்:
ஹாஸ்கில் ஃபெல்.
ஃபெல் என்றால் அவர்கள் பக்கம் மலை.
நம் வாயில் அது பெல்.
பெல் மலை, அப்புறம் மணிமலை.
பெயர்தான் இருக்கிறதே என்று
யாரோ உச்சியில் வேல் நட்டு
ஈப்போவிலிருந்து மணியும் வாங்கிவந்து கட்டினார்கள்.
அரசாங்க வரைபடத்தில் புக்கிட் லோச்செங்.
எல்லாரும் சரியாகத்தான் மொழிபெயர்த்தார்கள்.

கொழுந்தியாள் குமுதினி அங்கே தாதி.
இரவு வேலை முடிந்த ஒரு காலை
பஸ் பிடித்துப் போய்
அசல் மலையில் ஏறியிருக்கிறாள்.
குரல் பதிவில் பாதி காற்று.
“இதுக்கா அத்தான் இவ்ளோ பேரு?
நம்ம ஆலைப் புகைபோக்கிய விடக்
கொஞ்சம்தான் உசரம்.
மரமே இல்ல. ஆடு, ஈரப்புல்லு,
கல்லடுக்கின வேலி.
உச்சியில ஒரு கல்குவியல்,
ஏறுறவங்க ஆளுக்கொரு கல்லு வைக்கணுமாம்.
மணி கிணி ஒண்ணும் இல்ல.
நம்ம மலையிலருந்து ஒரு கல்லு அனுப்புங்களேன்.”

உடனே பதில் போடவில்லை.
என் லோரியில் அப்போது
மணிமலை ஏறிக்கொண்டிருந்தது.
நாளைக்குப் பதினோரு நடை,
சதுப்பில் கொட்டினால் நடைக்கு முப்பத்தைந்து வெள்ளி.
அதன்மேல் தாமான் புக்கிட் லோச்செங் வருகிறது:
இரட்டை மாடி, முன்பணம் வேண்டாம்.
வேலையும் மணியையும்
சாலையோரத் தகரக் கொட்டகைக்கு மாற்றியாயிற்று.
மணி அடித்தால்
வீடு விற்கும் ஆபீஸ் நாய் குரைக்கிறது.

வருத்தமா என்று கேட்காதீர்கள்.
லோரிக்கு இன்னும் பத்தொன்பது தவணை.
மேலே ஏறினாலும் தெரிந்தது செம்பனை,
அதற்கப்பால்
செம்பனை.

கடைசி வாரம்
பின்பக்க இரட்டைச் சக்கரத்தின் நடுவே
ஒரு கல் மாட்டிக்கொண்டு
டக் டக்கென்று சாவடி வரை கூடவே வந்தது.
கம்பியால் நெம்பி எடுத்தேன்.
செம்மண் போகக் கழுவினால்
வெறும் சாம்பல் நிறம், உள்ளங்கை அளவு.

தபால் ஆபீஸில் மலாய்ப் பெண்
பாரம் நீட்டினாள். உள்ளே என்ன?
பத்து, என்றேன்.
அவள் மொழியில் கல்.
விலை?
ஒரு நடைக்கு முப்பத்தைந்து,
ஒரு நடையில் எத்தனை கல்,
கணக்குப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.
பின்னால் ஆள் இருமினான்.
ஏதாவது எழுதினால்தான் போகும் என்றாள்.
பத்து என்றே எழுதினேன்.