ஒன்பது ஓட்டு

கூடைப்பந்துத் தரையில் கொட்டினோம்
ஒரே ஒரு நாளின் குப்பையை.
வியாசர்பாடி பேப்பர் கடைத் தராசை
இரவல் வாங்கி வந்திருந்தான் இம்தியாஸ்.
நாற்பத்தொரு கிலோ.
டீ கப்பை மட்டும் தனியாக எண்ணினோம்
ஆயிரத்து முந்நூறு வரை.
அதற்குமேல் எண்ண
யாருக்கும் மூக்கு இல்லை.

சுற்றறிக்கை வந்தது:
“மாணவர் கருத்து வரவேற்கப்படுகிறது.”
கருத்து காற்றோடு போய்விடும்,
முடிவு என்று போடுங்கள் சார் என்று
அந்த ஒரு சொல்லுக்காக
மூன்று நாள் வராந்தாவில் உட்கார்ந்தோம்.
நாலாம் நாள் முதல்வர்
பச்சை மசியில் அடித்துத் திருத்தித் தந்தார்,
எழுத்து கொஞ்சம் கோபமாக இருந்தது.

பேச்சு நடந்தது பழைய ஆய்வகத்தில்,
ஆசிட் தின்ற மேசைகளின்மேல் ஏறி உட்கார்ந்து.
ஒருத்தன் பூமி என்றான்.
ஒருத்தி வருங்காலம் என்றாள்.
பின்வரிசை கொட்டாவி விட்டது.
அப்போது எழுந்தாள் சகாயசெல்வி,
கொடுங்கையூர், மூன்றாமாண்டு வேதியியல்.
“நீங்க இன்னா வேணா பேசுங்க.
ராத்திரி பத்தேகால் லாரி
எங்க தெரு வழியாத்தான் போவுது.
தார்ப்பாய் கிழிஞ்சிருந்தா
ஒங்க கப்பு எங்க வாசல்ல வுழும்.
பொன்விழாவுக்கு அடிச்சாங்களே,
காலேஜ் பேர் போட்டு, அந்தக் கப்பு.
எங்கம்மா எடுத்துக் காட்டி
‘இது ஒன்னுதா’ன்னு கேக்குது.”

கொட்டாவி ஒன்று பாதியில் நின்றது.

பேப்பர் கப் ஒழிக என்று வாக்கெடுப்பு.
பெட்டி, என் அண்ணனின் செருப்புப் பெட்டி.
எண்ணியவன் நான்.
ஆதரவு ஐந்நூற்று எண்பத்திரண்டு.
எதிர்ப்பு நூற்று மூன்று.
ஒரு சீட்டில் யாரோ இதயம் வரைந்து
பெயர் எழுதாமல் விட்டிருந்தார்கள். செல்லாது.
விசில் பறந்தது.

கேன்டீன் பின்கட்டிலிருந்து
ஈரக் கையோடு வந்து நின்றார் ஏகவல்லி அக்கா.
“ஜெயிச்சிட்டீங்க, சந்தோசம்.
டம்ளரு ஆயிரத்து முந்நூறு.
கை ரெண்டு.
எனக்கு யாரும் சீட்டு குடுக்கலியே?”

ஜெயித்தவர்கள் தரையைப் பார்த்தோம்.

விதியைப் புரட்டினோம்.
விதியும் நாங்கள் எழுதியதுதான்.
‘மாணவர்’ என்பதை அடித்துவிட்டு
‘இங்கே குப்பை போடுகிறவர், அள்ளுகிறவர், கழுவுகிறவர்’
என்று எழுதி முடிக்க
ஒரு மதியம் முழுக்கப் போனது.
புதிதாகச் சேர்ந்தது ஏழு சீட்டு.

மறுபடி வாக்கெடுப்பு.
இந்தத் தடவை கேள்விக்கு வால் முளைத்திருந்தது:
பேப்பர் கப் வேண்டாம்,
குடித்தவரே கழுவ வேண்டும்.

முந்நூற்று ஐம்பத்தொன்று.
முந்நூற்று நாற்பத்திரண்டு.

ஒழிக என்றவர்களில்
இருநூற்று முப்பது பேருக்குக் குறையாமல்
கழுவு என்றதும் நழுவியிருந்தார்கள்.
சொல்லிவிடுகிறேன், அதில் நானும் ஒருவன்.
என் மடிப்பு எனக்குத் தெரியாதா?
நானே பிரித்தேன்,
எதிர்ப்பு அடுக்கில் நானே வைத்தேன்.
இன்னொரு தரம் எண்ணச் சொன்னார்கள்.
ஐந்து சீட்டை அந்தப் பக்கத்திலிருந்து
இந்தப் பக்கம் தள்ள எத்தனை நேரம் ஆகும்
என்று விரல் ஒரு கணம் கணக்குப் போட்டது.
ஒன்பதுதான் என்றேன்.
பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

பதினோரு மணி இடைவேளை.
குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது.
முன்னால் நிற்பவன்
முதல் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல்
டம்ளரைத் திருப்பித் திருப்பிக் கழுவுகிறான்.
என் நகக்கண்ணில் டீத்தூள்.
முணுமுணுக்கிறேன்,
வரிசையில் நின்றபடியேதான் முணுமுணுக்கிறேன்.
பொங்கல் கழித்து மறுவாக்கெடுப்பு உண்டு.
அன்றைக்கும் எதிர்த்தே போடுவேனோ என்னவோ.

“நேத்து இன்னா வுழுந்துச்சு?” என்றேன்
பக்கத்துக் குழாயில் சகாயசெல்வியிடம்.
“கப்புதான்.
வேற காலேஜு” என்றாள்,
டம்ளரை உதறிக்கொண்டே.