துணியில் ஏறிய பச்சை

பைசாந்தூ. உருகுவே ஆற்றின் கீழ்க்கரை.
தகரக் கொட்டகைக்குள் ஒரு ஷெவ்ரலே,
நாற்பத்தெட்டாம் வருடத்து வண்டி.
பச்சை என்கிறது பதிவுப் புத்தகம்.
கண்ணுக்கு அது
சுண்ணாம்பு தடவி மறந்துபோன வெற்றிலை.
விரல் வைத்தால் மாவாய் ஒட்டுகிறது.

புதுசாக அடித்துவிடலாம் என்கிறான் வாஷிங்டன்.
(ஊரல்ல, ஆள். இந்த நாட்டில்
பிள்ளைக்கு அப்படியும் பெயர் வைப்பார்கள்.)
சுல்மா எச்செவெரி பதில் சொல்லவில்லை.
வாங்க வருகிறவர்
போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்:
பழைய பெயின்ட்தான் வேண்டும்,
ஆனால் முகம் தெரிய வேண்டும்.
இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க
தலைநகரத்தில்தான் ஆள் கிடைப்பார்கள்.

முதல் நாள் கழுவினாள், அவ்வளவுதான்.
இரண்டாம் நாள்
எண்ணெய்ப் பசையை அள்ளி
கூரை முதல் மட்கார்டு வரை அப்பிவிட்டு
வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.
குடிக்கட்டும்.
மறுநாளும் அப்பினாள், மறுநாளும் தூங்கினாள்.
மாத்தே உறிஞ்சியபடி வாஷிங்டன் கேட்டான்:
வேலை எப்போது ஆரம்பம்?
நடந்துகொண்டிருக்கிறது, என்றாள்.

நாலாம் நாள் துண்டை எடுத்தாள்.
தோள் வலிக்கத் தேய்த்தாள்.
வண்டி பச்சையானது.
துண்டும் பச்சையானது.
இரண்டும் ஒரே பச்சை என்பதுதான் கவலை.
எண்பது வருடம் முன்னே யாரோ அடித்தது
இவ்வளவுதான், இனிமேல் வராது.
பானெட்டின் மடிப்பில் ஏற்கெனவே
அடிப்பூச்சின் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கிறது.
அங்கே மட்டும் சுண்டுவிரல்,
கொதிக்கும் பாலைத் தொட்டுப் பார்ப்பதுபோல்.

வலது கதவில் ஏதோ அழுக்கு.
துடைத்தாள்.
அழுக்கு இன்னும் தெளிவானது.
முதலில் ஒரு கம்பு,
அதன் தோளில் ஒரு வயிறு.
பிறகு அடுத்த எழுத்து, அதற்கடுத்தது.
எப்போதோ வெள்ளையில் எழுதி
எப்போதோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.
எழுத்து உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும்
வெயில் காணாத பச்சை.

பார்தேரா.
கீழே தொலைபேசி எண்: 214.

அவர்கள் மொழியில் மருத்துவச்சி.
என் காதில் 'பார்த்தீரா' என்று விழுகிறது.
பார்த்தேன்.

இடது கதவில் ஒன்றுமில்லை.
ஏன் ஒரு பக்கம் மட்டும்?
வாஷிங்டன் ஒரு காரணம் சொன்னான்:
சில வீட்டு வாசலில்
எழுத்தில்லாத பக்கம் தெருவைப் பார்க்க
வண்டியை நிறுத்த வேண்டியிருந்திருக்கும்.
சுல்மாவும் ஒன்று சொன்னாள்:
எழுதினவன் ஒரு கதவுக்குத்தான் கூலி கேட்டிருப்பான்.

சனிக்கிழமை வந்தார் லாரால்தே.
பானெட்டில் தன் மீசையைப் பார்த்துச் சரிசெய்தார்.
கூரையைத் தடவினார், சிரித்தார்,
வலப்பக்கம் வந்தார், நின்றார்.
கறை, என்றார்.
இதை எடுத்துவிடலாம்தானே?
எடுக்கலாம், என்றாள் சுல்மா.
எழுத்து போகும்போது கதவும் சிவக்கலாம்.
சிவக்காமலும் இருக்கலாம்.
இந்தாருங்கள்.

சலவைத் துண்டொன்றை நீட்டினாள்.
அவர் கோட்டைக் கழற்றவில்லை.
இரண்டு முறை தேய்த்தார், வட்டமாக,
தவறான முறையில்.
துண்டைத் திருப்பிப் பார்த்தார்.
பிறகு அதை நாலாக மடித்துப்
பையில் வைத்துக்கொண்டார்,
ஏதோ தன்னுடையது போல.
யோசித்துப் போன் செய்கிறேன்.

செய்யவில்லை, ஞாயிறும் செய்யவில்லை.
கொடியில் பதினோரு துண்டுகள் தொங்குகின்றன,
எத்தனை அலசியும் பச்சையாக.
ஒரு கிளிப் சும்மா இருக்கிறது.

மழை தகரத்தில் இறங்கியபோது
வாஷிங்டன் தன் போனில்
இரண்டு, ஒன்று, நாலு அழுத்தி
காதில் வைத்தான்.
என்னவாம், என்றாள் சுல்மா,
துணி எடுக்க எழுந்திருக்காமலே.
எண் பத்தாதாம், என்றான்,
மீதியைக் கேட்கிறது.