இரண்டு கையையும் பிடித்துக்கொண்டால்

லியோங் கடையில் எட்டு மணிச் செய்தி.
மூன்று சின்ன நாடுகள், ஊடே ஒரே சாலை,
சாலை நெடுக ஆட்கள்,
பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்தபடி.
எவ்வளவு தூரமாம்?
அறுநூறு கிலோமீட்டர்.
இருதயநாதன் மேசையில் சிந்திய கோப்பியைத் தொட்டு
ஒரு கோடு இழுத்துக் காட்டினார்:
பாடாங் பெசார் தொடங்கி சிரம்பான் வரைக்கும்.
யாரோ சீழ்க்கையடித்தார்கள்.

ரொட்டி வாங்க வந்த அப்பளம்மா
சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டாள்:
"ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டா
கொசு கடிச்சா யாரு அடிக்கிறது?"

கடையே சிரித்தது.
விடிகாலை நாலு மணிக்கு நிரைக்குள் நுழைகிறவளுக்குத்தான்
அப்படிக் கேட்கத் தோன்றும்.

அந்த மழை மாதத்தில்
செய்திக்குச் செய்தி ஏதோ ஒன்று கழன்று விழுந்தது.
சுவர். மந்திரி. சிலை. இன்னொரு மந்திரி.
லாரிக்காரன் குணாளனுக்கு ஒரே கவலை,
இரண்டு ஜெர்மனியும் சேர்ந்துவிட்டால்
உலகக் கிண்ணத்தில் ஒரு குழு குறையுமே என்று.
ஸ்டோர் மண்டோர் வேறு கணக்குப் போட்டார்:
"நம்ம பாலை அள்ளி வாங்குறது ரஷ்யாக்காரன்.
அவன் உடைஞ்சா கிலோ என்ன விலைக்குப் போகும்?"
அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இருதயநாதன் பதினெட்டு வருடமாகச் சங்கக் கிளைச் செயலாளர்.
மாதச் சம்பளம் கேட்டு எழுதிய மனுக்களின் நகல்
ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தார்.
சிவப்பு என்ற சொல்லை
வாய்தவறியும் சொல்லாத மனிதர்.
சிலையைக் கயிறு கட்டி இழுத்த இரவு
சைக்கிளில் ஏறாமல்
லயம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

டிசம்பரில் நம் காட்டுச் செய்தியும் வந்தது.
உள்ளே இருந்தவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்களாம்,
தாய்லாந்து எல்லையில், கையெழுத்துப் போட்டு.
எப்போதும் சத்தத்தைக் குறைக்கிற லியோங்
அன்றைக்குக் கூட்டினான்.
நாற்பத்தெட்டில் போன அண்ணன் அவனுக்கு உண்டென்று
ஊருக்கே தெரியும், யாரும் கேட்டதில்லை.
கூட்டத்தின் முகங்கள் திரையில் ஓடி முடிந்தன.
"இங்கயும் கம்பி இருந்துச்சி," என்றான் தமிழில்,
"அரிசிகூட எண்ணித்தான் கொடுத்தான்."
பிறகு தட்டு கழுவப் போய்விட்டான்.

இரண்டு வருடம் கழித்து
சேகு தாவூது கடையில் எனக்கு வேலை.
இருபத்துநான்கு உலகப்படப் புத்தகங்கள்
விற்காமல் கிடந்தன.
மேல்பக்கம் முழுக்கப் பரந்த அந்த ஒரே நிறம்
இப்போது பொய்.
"பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள சரி பண்ணு,
புத்தகத்துக்கு அஞ்சு காசு," என்று
நீலப் பேனாவை நீட்டினார்.

மூன்று நாட்டுக்குக் கோடு போட்டு முடித்தேன்.
மொத்தம் பதினைந்து என்றார்கள்.
கூலி ஏற்றிக் கேட்டேன். முறைத்தார்.
கூப்பன் சீட்டு வாங்க வந்த அப்பளம்மா
முகப்பு மேசைமேல் குனிந்து பார்த்தாள்.
"மெதுவா. ஆழமா வெட்டினா பட்டை திரும்ப வராது."
அன்றைக்கு அவள் பெருவிரலில்
புதுக் கட்டு ஒன்று இருந்தது. கேட்கவில்லை.

எட்டாவது புத்தகத்தில் என் கை சறுக்கி
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாடு உண்டானது,
கட்டைவிரல் நகம் அளவு.
அதைத்தான் தலைமையாசிரியர் வாங்கிப் போனார்.

மரம் போய் செம்பனை வந்தது.
லயம் போனது, கோயிலைத் தள்ளி வைத்தார்கள்.
பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற பெயர் அழகில்லை என்று
ஒரு நாள் பலகையை மாற்றினார்கள்.
பெஸ்தாரி ஜெயா.
ஏணிமேல் இருந்தவன் திருகாணியைத் தவறவிட்டுத்
தேடச் சொன்னான், தேடிக் கொடுத்தோம்.

சாலை அங்கேயும் நீளமாகத்தான் கிடந்தது.
எங்கள் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன.
கொசு கடித்தது.
அடித்தோம்.