இருபத்தோராம் பாடம்

மூன்றாம் எண் கூண்டு ஏறிய அன்று
டோக்கனும் கிடையாது, ஐஸ் கம்பெனியில் லோடும் கிடையாது.
பேரேட்டைக் கவிழ்த்து வைத்து
எடைமெஷின் மேல் செல்போனை நிறுத்தினேன்.
நூற்றெண்பது கிராம் என்று காட்டியது.
அதற்குள்ளிருந்து மதுரை மிஸ்
பாம்பன் காற்றில் விட்டு விட்டுப் பேசினார்:
இன்று காரணம் சொல்லப் பழகுவோம்.

கரா.
காரணத்தின் வாலில் கட்ட வேண்டும் அதை.
காற்று பலம் கரா, படகு போகவில்லை.
எனக்கு இதில் கற்க ஒன்றுமில்லை.
இங்கிலீஷ் பிக்காஸ்தான் நடுவழியில் மறித்து நிற்கும்,
மண்டபம் செக்போஸ்ட் மாதிரி.
இவர்கள் நம்மைப் போல
முதலில் காற்றைச் சொல்லிவிட்டுத்தான்
சும்மா கிடக்கும் படகுக்கு வருகிறார்கள்.
'இருந்து' என்பதற்கும் அதே சொல்லாம்.
பாம்பன் கரா: பாம்பனிலிருந்து.
நோட்டில் கை தவறிக் கரை என்று விழுந்தது.
அடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

நோதே என்றால் குரல் கொஞ்சம் தணியும்.
முதலாளியிடம் லீவு கேட்க, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க.
கராவில் நான் இருக்கிறேன்.
நோதேயில் யாரும் இல்லை, தானாக நடந்தது.

தகராவை மட்டும் பார்த்துப் பேசுங்கள் என்றார் மிஸ்,
'அதான் அப்பவே சொன்னேனே' என்று முறைப்பது போல் ஆகிவிடும்.
இன்னும் ஒரே எழுத்து மிஸ், தகராறு என்றேன்.
மியூட்டில் இருந்ததால் ஒருவரும் சிரிக்கவில்லை.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது
இரண்டு சொல் வந்தது.
ஒருவரால் நல்லது நடந்தால் ஒகாகெதே.
கெட்டது நடந்தால் ஸேய்தே.
பேனா நின்றுவிட்டது.
நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ஆல்'தானே.
புண்ணியத்துல என்போம், அதையும் பாதி நேரம் குத்தலுக்குத்தான்.

கோர்ஸ் ஃபீஸ் பதினெட்டாயிரம்.
ஒரு நடை கூடப் போயிட்டு வாரேன் என்று ஏறினான் ரெக்சன் அண்ணன்.
எஞ்சின் நின்றது, நீவாடு இழுத்தது,
தண்ணீரில் கோட்டை யார் கண்டார்.
ஏன் தாண்டினாய் என்று அங்கே கோர்ட்டில் கேட்டபோது
எஞ்சின் நின்னுபோனதால ஐயா என்றானாம்.
சுத்தமான நோதே.
அதை அவர்கள் மொழியில் எந்தச் சொல்லில் போட்டார்களோ,
நாற்பத்தேழு நாள்.
இங்கே நான் மனுவோடு
ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் பதினொரு தடவை.

படகு வரவில்லை, ஆள் வந்தான்.
பாலத்துப் பக்கம் பஸ்ஸைவிட்டு இறங்கி
பறக்கிற கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
"உன்னாலதான்டி" என்றான்.
போனதைச் சொன்னானா, வந்ததையா?
முகத்தைப் பார்க்கலாமென்றால்
கண்ணில் விழுந்த மணலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
எட்டு மாதமாக அந்த 'ஆல்' எனக்குள்
முள்ளாகவும் இருந்தது, மீனாகவும் இருந்தது.

ராத்திரி சோறு போடும்போது கேட்டேன்:
அன்னைக்கு நீ சொன்னது ஒகாகெதேயா, ஸேய்தேயா?
இரண்டையும் விளக்கினேன், மிஸ் மாதிரியே.
பிசைந்த கை அப்படியே நிற்க யோசித்தான்.
"ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு இல்லியா, அந்த ஊர்ல?"
குழம்பு ஊற்று என்றான்.

வீட்டுப்பாடம் ஒரே கேள்வி,
இன்டர்வியூவில் கட்டாயம் வருமாம்:
எங்கள் நாட்டுக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?
சம்பளம் என்று எழுதக்கூடாது.
நெல்லின் தோலுக்கு நாம் வைத்த பெயர்
அங்கே கடலுக்கு: உமி.
உமி கா அரு நோதே.
கடல் இருப்பதனால்.
நோதேயில் நிறுத்திவிட்டாலும் தப்பில்லையாம்,
மீதியைக் கேட்கிறவர் முடித்துக்கொள்வார்.
வெளியே கூண்டு இன்னும் இறக்கவில்லை.
அண்ணன் வாசலில் படுத்திருக்கிறான்,
படகு இல்லாததனால்